ஏழாவது கதவு

"மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னா" என்று நான் வாயைத் திறந்தால் போதும், எங்கள் வீட்டு டிவியின் சத்தம் கூடிவிடும். ரிமோட் அப்போது யார் கையில் இருக்கிறது என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து கண்டுபிடிக்க முயல்கிறேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். மகள் போனில் இருப்பாள். இருவர் முகத்திலும் குற்றத்தின் சாயல்கூட இருக்காது.

அலுவலகத்தில் இந்தத் தொல்லை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். போல்ட், நட், வாஷர் வாங்குவது என் தொழில். டீ இடைவேளையில் தொகுதி தொகுதியாக அலசுவது என் தொண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து கையில் கிடைத்த அரசியல் புத்தகத்தையெல்லாம் படித்தவன் என்பதால், கேட்பவர்கள் டீ ஆறும்வரை தப்பிக்க முடியாது. அப்படி மாட்டிக்கொண்ட ஒருவர்தான் ஒருநாள், "இவ்வளவு பேசறீங்களே சார், எம்.ஏ. அரசியல் அறிவியல் தபால்ல கட்டிடுங்களேன்" என்றார். என்னை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் டீக்கடைப் பக்கம் அமைதி வரும் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஐம்பதை நெருங்கும் வயதில் பணம் கட்டினேன்.

அரசியல் கோட்பாடு, சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம் எல்லாம் முதல் முயற்சியிலேயே தேறின. கூடுதல் தாள் வாங்கி எழுதுகிறவனுக்கு மார்க் போடாமல் அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஆய்வு முறைகளும் புள்ளியியலும் என்ற தாளில்தான் அந்தக் கருணை செல்லுபடியாகவில்லை. முதல் முறை, மாதிரி எடுத்தல் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஜனநாயகத்தின் தோற்றம் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். இரண்டாம் முறை, வாக்காளர்களின் சராசரி வயதைக் கணக்கிடச் சொன்னார்கள். எனக்கு முந்நூற்றுச் சொச்சம் வந்தது. திருப்பிப் போட்டுப் பார்க்க நேரம் இல்லாததால், நீண்ட ஆயுளுக்கும் அரசியல் விழிப்புணர்வுக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு பத்தி எழுதி நியாயப்படுத்தினேன். திருத்தியவர் அந்தப் பத்தியின் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாராம். கோபத்தில் போட்டாரா துக்கத்தில் போட்டாரா தெரியவில்லை.

மூன்றாம் முறைக்குப் போனபோது படிப்பு மையத்தின் கவுன்டரில் இருந்த பெண் தலை நிமிராமலே சொன்னார். பதிவுக்காலம் இத்துடன் முடிகிறது. இந்தத் தாளும் இதற்கான புராஜெக்டும் தேறாவிட்டால் ஏற்கெனவே பாஸ் செய்ததெல்லாம் காலாவதி. மருந்து அட்டையைப் படிப்பதுபோல் சொன்னார்.

அதனால் ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நடந்த ஞாயிறு வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போனேன். பாடம் எடுத்த மேடம் என்னைவிட இருபது வயது இளையவர். பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்த கையோடு போன வாரம் விட்ட வரியிலிருந்து தொடங்குவார். எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு கான்ஸ்டபிளுக்கு. வெள்ளானூரில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட, இவர் போலீசாகிவிட்டார். என்னை அண்ணாத்தே என்பார்.

திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், நடத்திய அன்று மேடம் கேட்டார்.

"ரெண்டு பஸ். ரெண்டும் சராசரியா பத்து நிமிஷம் லேட்டு. ஒண்ணு தினமும் சரியா பத்து நிமிஷம் லேட்டா வரும். இன்னொண்ணு ஒருநாள் முன்னாடியே போயிரும், ஒருநாள் அரைமணி கழிச்சு வரும். நீங்க எதுக்கு நிப்பீங்க?"

"ரெண்டுத்துக்கும் நிக்க மாட்டேன் மேடம்," என்றார் கான்ஸ்டபிள். "ஷேர் ஆட்டோல பூடுவேன்."

ஆனால் எனக்கு அன்றுதான் புரிந்தது. சராசரி என்பது பாதிச் செய்திதான். எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது மீதி. இத்தனை காலம் பாதிச் செய்தியை வைத்துக்கொண்டே முழு டீயையும் ஆறவைத்திருக்கிறேன்.

புராஜெக்டுக்குக் கருதுகோள் வேண்டும் என்றார் மேடம். என்னிடம் தயாராக இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடும்பம் கலந்து பேசி, விவரம் தெரிந்த ஒருவர் சொல்படி ஓட்டுப் போடும். பக்கத்துப் பழைய தெருவிலோ ஆளுக்கொரு பக்கம் போடுவார்கள். இதற்கு எதிராக, அடுக்குமாடிக்கும் பழைய தெருவுக்கும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று சொல்லும் ஆசாமியின் பெயர் இன்மைக் கருதுகோள். அவனை வீழ்த்தினால்தான் பாஸ் என்று நான் நினைத்துக்கொண்டேன். மேடம் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

என் கருதுகோளுக்கு உறுதியான ஆதாரமும் இருந்தது: எங்கள் வீடு. ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின நாள் சாயங்காலம் நான் நிலவரத்தை விளக்குவேன். மனைவி தலையாட்டுவாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்து வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு போய்ப் பொங்கல் வடை சாப்பிடுவோம். ஒரு தடவைகூட அவள் எதிர்த்துப் பேசியதில்லை. இதைவிட என்ன வேண்டும்?

மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்பிலேயே முதலில் தொடங்கினேன். கேள்வித்தாள்களை அச்சடித்து, சங்கச் செயலாளரிடம் கொடுத்து விநியோகிக்கச் சொன்னேன். அவர் ஓய்வு பெற்றவர். எதையும் பாதியில் விடாதவர். தண்ணீர்த் தொட்டி கழுவும் விஷயத்தில் ஒரு மாதம் ஆகியும் பதில் சொல்லாத ஜனங்கள், என் கேள்வித்தாளை ஒரே வாரத்தில் நிரப்பித் தந்துவிட்டார்கள். பிளாக் வாரியாகப் பின் அடித்து வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீடும் என் கருதுகோளுக்கு ஓட்டுப் போட்டிருந்தது. அன்று சாப்பாட்டின்போது, அறிவியல் என்பது இவ்வளவு எளிதானதா என்று மகளிடம் கேட்டேன். அவள் இயற்பியல் படிப்பவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மேடம் கட்டைப் புரட்டிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தினார்.

"திட்ட விலக்கம் போட்டீங்களா சார்?"

"போட்டேன் மேடம். சுழியம் வந்துச்சு. மனசு நிறைஞ்சுபோச்சு."

"சுடுகாட்டுல போய்க் கேட்டாக்கூட சுழியம் வராது சார். கையெழுத்து வேற வேற, பதில் மட்டும் எப்படி ஒண்ணு? என்ன நடந்துச்சுன்னு விசாரிங்க."

விசாரித்தேன். செயலாளர் ஒன்றையும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

"நம்ம ஜனங்க படிச்சவங்க சார். தப்பா எழுதிட்டா நமக்குத்தானே அசிங்கம். அதான் குரூப்ல கரெக்ட் ஆன்ஸர் போட்டுட்டேன். ஓட்டை யார் முடிவு பண்றதுங்கற நாலாவது கேள்விக்கு சில பேர் 'ஆ, நானே'ன்னு டிக் பண்ணியிருந்தாங்க. போன் போட்டு மாத்தச் சொன்னேன்."

"சார், அந்த 'ஆ'தான் சார் எனக்கு வேணும்."

"அதெப்படி? நீங்க பாஸாக வேணாமா?"

"சரி, கரெக்ட் ஆன்ஸர் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "எத்தனை மீட்டிங்ல உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். உங்களுக்கு என்ன ஆன்ஸர் வேணும்னு எனக்குத் தெரியாதா சார்?"

ஆய்வாளரின் சாய்வு என்று புத்தகத்தில் ஒரு தனி அத்தியாயமே இருந்தது. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். அது அப்பார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்த விஷயம் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குப் போனால், கான்ஸ்டபிள் எனக்கு முன்பே குனிந்துகொண்டிருந்தார். அவருடைய தலைப்பு, அரசுச் சேவைகள் மேல் மக்களின் திருப்தி. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், தன் தெருவிலேயே காக்கிச் சட்டையோடு வீடு வீடாகப் போயிருக்கிறார்.

"எல்லாரும் எல்லாத்துலயும் முழு திருப்தியாம் அண்ணாத்தே. கொசுத்தொல்ல கீதான்னு ஒர்த்தன கேக்கறேன். அதெல்லாம் இல்ல சார்னு, கன்னத்துல கொசுவ அட்ச்சிகினே சொல்றான்."

மேடம் எங்கள் இரண்டு கட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "ரெண்டு பேரும் ஜோடியாப் போங்க," என்றார். "அவருக்கு நீங்க துணை, உங்களுக்கு அவர். காக்கி வேணாம். பிரசங்கமும் வேணாம்." பிறகு விதிகளைச் சொன்னார். வீடுகளை வரிசையாக எழுதி, குலுக்கலில் வரும் எண்ணிலிருந்து ஒவ்வொரு ஏழாவது கதவையும் தட்ட வேண்டும். பிடிக்காத வீடு, நாய் இருக்கும் வீடு என்று தாண்டக் கூடாது. வீட்டில் யார் கதவைத் திறந்தாலும், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். பதிலுக்கு "ம்" மட்டும் சொல்லலாம், தலையாட்டக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக நான் ஒரு வாரம் கண்ணாடி முன் பயிற்சி எடுத்தேன்.

குலுக்கல் மேடமின் ஹெல்மெட்டில் நடந்தது. கான்ஸ்டபிள் கையை விட்டு ஒரு சீட்டு எடுத்தார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால், ஏழேழாகத் தாண்டி வந்த வரிசையில் எங்கள் வீட்டுக் கதவும் விழுந்திருந்தது. உடனே மேடமுக்குப் போன் போட்டேன்.

"பக்கத்து வீட்டுக்கு மாத்திக்கவா மேடம்?"

"ஏன் சார், உங்க வீட்ல இருக்கறவங்களுக்கு ஓட்டு இல்லையா?"

"இருக்கு."

"அப்ப இருக்கட்டும். நீங்க மட்டும் கேக்கக் கூடாது. அவரைக் கேக்கச் சொல்லுங்க. நீங்க வெளிய நில்லுங்க."

பிறந்தநாள் விதி எவ்வளவு ஆபத்தானது என்று புத்தகத்தில் போடவில்லை. "உங்க வீட்ல அடுத்து யார் பிறந்தநாள் சார் வருது?" என்று கேட்டதும் ஆண்கள் விழித்தார்கள். உள்ளே திரும்பி, "ஏம்மா, உன் பொறந்தநாள் எப்போ?" என்று கத்தினார்கள். உள்ளேயிருந்து முதலில் அமைதி வரும். பிறகு பாத்திரச் சத்தம் வரும். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற ஒரு தம்பி, எங்கள் சங்க உறுப்பினர் எல்லாருடைய போன் நம்பரும் மனப்பாடமாக வைத்திருப்பவர், எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு மனைவியின் ஆதார் அட்டையைத் தேடப் போனார். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மாள் அவரிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை.

பழைய தெருவில் வேறு மாதிரி. கேன் தண்ணீர் போடும் ஒரு வீட்டில் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லத் தயாரானார். அந்தம்மா கையைத் துடைத்தபடி வந்தார்.

"எந்திரி நைனா. வர்ற மாசம் என் பொறந்தநாளு. அவங்க என்னத்தான் கேக்க வந்துகீறாங்கோ."

"நான் சொன்னா இன்னா, நீ சொன்னா இன்னா?"

"அதத்தான் சொல்றேன். எந்திரி."

அவர் எழுந்தார். நான் "ம்" என்றேன். தலையாட்டவில்லை.

இப்படி வீடு வீடாக ஏறி இறங்கியதில் என் கருதுகோள் மெலிந்துகொண்டே வந்தது. ஆனால் சாகவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது எங்கள் வீடு மட்டும். முந்தின நாள் சாயங்காலம் மகளின் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கை-வர்க்கச் சோதனை, அதாவது கை-ஸ்கொயர், போட்டுப் பார்த்தேன். எதிர்பார்த்தது ஒரு கட்டம், கிடைத்தது ஒரு கட்டம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தும் கணக்கு. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை வந்ததே ஒரு சாதனைதான். எங்கள் வீடு என் பக்கம் விழுந்தால் அட்டவணையில் உள்ள எல்லையைத் தாண்டிவிடும். இன்மைக் கருதுகோள் ஒழிந்தது. இல்லையென்றால் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், என் எம்.ஏ.யும் அதோடு நிற்கும். எங்கள் வீடு தவிர வேறு எந்த வீடாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் போயிருக்கும். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கான்ஸ்டபிள் கட்டம் போட்ட சட்டையில் வந்தார். காக்கி இல்லாமல் கல்யாண மாப்பிள்ளைக்குத் தோழன்போல் இருந்தார். வாசலிலேயே என்னிடம் கேட்டார்.

"ஊட்ல அட்த்து யாருக்குப் பொறந்தநாள் அண்ணாத்தே?"

"எனக்குத்தான்," என்றேன்.

"எனக்கு," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "அடுத்த வாரம்."

நான் வெளியே அனுப்பப்பட்டேன். கதவைச் சாத்தினார்கள். ஆனால் எங்கள் வீட்டுக் கதவுக்கு மேல் காற்றுக்காக ஒரு கம்பி ஜன்னல் உண்டு. நான் படிக்கட்டில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன சார், வீட்ல உள்ள விடலையா?"

"ஆய்வு நடக்குது சார்."

"ஓ." குரலைத் தாழ்த்தினார். "மாடல் ஆன்ஸர் வேணும்னா சொல்லுங்க. மேடமுக்கு மட்டும் தனியா அனுப்பிடறேன்."

அவரை அனுப்பிவைப்பதற்குள் நாலாவது கேள்வி வந்துவிட்டது.

"அண்ணி, யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு ஊட்ல யார் முடிவு பண்றது?"

"அவர் முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிச்சிருவார் தம்பி. தலையாட்டலைன்னா நிறுத்த மாட்டார். அதனால ஆட்டிருவேன்."

"அப்ப அவர் சொல்றதுதான் முடிவா?"

"அவர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணியிருப்பேனே."

"எப்பத்துலேந்து அண்ணி?"

"முதல் ஓட்டுலேர்ந்து."

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார். "அப்ப 'நானே'ன்னு டிக் அடிக்கறேன்."

"நல்லா அழுத்தி அடிங்க."

பொங்கல் வடைகள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து போயின. அத்தனை தேர்தல். அத்தனை தலையாட்டல். அதில் சிலமுறை நான் சொன்னவருக்கே போட்டிருப்பாளா, அல்லது ஒவ்வொரு முறையும் என் ஓட்டை அவள் ஓட்டு அடித்துச் சமன் செய்துவிட்டதா? அப்படியானால் நாங்கள் இருவரும் இத்தனை வருடம் வரிசையில் நின்றது பொங்கலுக்காக மட்டும்தான்.

கான்ஸ்டபிள் வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எல்லை எவ்வளவு, எங்கே நிற்கிறேன் என்பது அவருக்கும் தெரியும்.

"அண்ணாத்தே, பக்கத்து ஊட்ல ஒரு தபா கேட்டுக்கலாமா? ஆறுக்கு அப்புறம் எட்டுன்னு எண்ணிட்டோம்னு வெச்சிக்க. யாருக்குத் தெரியப் போவுது?"

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். என் பேச்சை விரும்பிக் கேட்பவர். அவர் மனைவியும் தலையாட்டுவார். நான் அந்தக் கதவை உண்மையாகவே பார்த்தேன். அப்போது கீழே செயலாளர் வாட்ச்மேனிடம் யாரையோ பற்றி, "நான் சொல்லி மாத்த வெச்சுட்டேன்" என்று சொல்வது கேட்டது. தண்ணீர் மோட்டார் சமாசாரமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பகீரென்றது. எட்டாவது கதவைத் தட்டினால் நானும் அவரும் ஒன்று. அவராவது எனக்காகச் செய்தார்.

"வேணாம் தம்பி. டிக் இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

"ஃபெயிலாய்ட்டா?"

"ஆனா ஆயிட்டுப் போறேன்," என்றேன். வீரமாகச் சொன்னதாகத்தான் நினைவு. பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். காலையிலிருந்து வரிசையாகப் பலரைப் பார்த்துக் களைத்திருந்தார். என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பினார்.

"உங்க கருதுகோள் நிக்கலையே."

"நிக்கலை சார்."

"ஏன்னு நினைக்கிறீங்க?"

பேசப் பல விஷயங்கள் இருந்தன. நகரமயம், குடும்ப அமைப்பு, கூடுதல் தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "ஒரே ஒரு வீட்டை வெச்சு அந்தக் கருதுகோளை உருவாக்கினேன் சார். அந்த வீட்ல இருக்கறவங்களைக் கேக்காமலே."

அவர் முதல் முறையாக நிமிர்ந்தார். "அந்த வீடு உங்க மாதிரிப் பட்டியல்ல வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"கவுத்துருச்சா?"

"கவுத்துருச்சு சார்."

"எடுத்துட்டு வேற வீடு போட்டிருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் சார் ஏழாவது கதவு."

அவர் மேடமைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகிலிருந்தே தெரிந்தது. "காலையிலேர்ந்து வந்த அத்தனை பேருக்கும் கருதுகோள் நிரூபணமாயிருக்கு," என்றார் பேராசிரியர். "எனக்கே பயமாயிடுச்சு. நிரூபணம் ஆகலைன்னா ஃபெயில்னு யாரு உங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க?" யாரும் சொல்லவில்லை என்பதை நான் சொல்லவில்லை. கை-வர்க்கத்தைப் பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். நடுவில் ஒரு வர்க்கத்தை மறந்து, நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். யாருடைய வயதும் முந்நூறைத் தொடவில்லை.

எழுத்துத் தேர்வையும் எழுதி முடித்தேன். ரிசல்ட் வந்தது. பாஸ். எல்லையைக் கொஞ்சம்போலத் தாண்டிய பாஸ். கான்ஸ்டபிளுக்கு என்னைவிட நல்ல மார்க். அவர் தெருவில் இரண்டாம் சுற்று போனபோது என்னோடு லுங்கியில் வந்தார். வெள்ளானூரில் கொசு இருப்பது ஒருவழியாக உறுதியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மனைவி கேசரி கிளறினாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தேன். நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். முதுகலைப் பட்டதாரியாக முதல் முறை வாயைத் திறந்தேன்.

"மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னா"

"எத்தனை பேரைக் கேட்டீங்க?" என்றாள் மனைவி.

டிவியின் சத்தம் கூடவில்லை. மகள் போனிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். ரிமோட் மனைவியின் மடியில், பகிரங்கமாக இருந்தது.

"ஒருத்தரையும் கேக்கலை," என்றேன். கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு யோசித்தேன். பிறகு, "சரி, நீ என்ன நினைக்கிற?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பதில் சொல்லத்தான் போகிறாள் என்று தோன்றியது. நான் பழக்கத்தில் தலையாட்டத் தொடங்கியிருந்தேன் போலிருக்கிறது.

"இப்படி ஆட்டினா சொல்ல மாட்டேன்," என்றாள். "அந்தத் தம்பியை வரச் சொல்லுங்க. நீங்க போய்ச் செருப்பு ஸ்டாண்டுகிட்ட நில்லுங்க."